செம்பனையில் கொடியும் மாடும்: எது முதலில், எது பிறகு

காலியான மைலோ டின் ஒன்றை எடுத்து, அடித்தகட்டையும் வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் திறந்த குழாய் மாதிரி ஆக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மட்டை அடுக்கிக் கிடக்கும் இடத்தில் மக்கலை ஒதுக்கி டின்னை வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டு போட்டுத் தட்டினால் மூன்று விரல் ஆழத்துக்கு இறங்கும். ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி அது இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டாவது போத்தலை ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று போனில் பாருங்கள். அதே டின்னைக் குலை ஏற்றி வண்டி ஓடும் பாதையிலும், மருந்து அடித்து மொட்டையாகக் கிடக்கும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். என் தோட்டத்தில் மட்டை அடுக்கில் இரண்டாவது போத்தல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மொட்டை இடத்தில் ஊற்றிய தண்ணீர், நான் நடந்து போய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோதும் பாதி டின்னில் அப்படியே நின்றது. பத்தடிதான் இடைவெளி, ஒரே மண், ஒரே மழை.

நான் இருப்பது மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம், ரெங்கத்துக்குப் போகிற வழியில். நம் ரெங்கம் பெயரிலேயே ஒரு மண் வகை இருப்பது இங்கே இருக்கிற பல பேருக்குத் தெரியாது. மண் ஆய்வு செய்பவர்கள் 'ரெங்கம் சீரிஸ்' என்று சொன்னால், கருங்கல் பாறை உளுத்து உண்டான, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், கொரகொரவென்று மணல் கலந்த களிமண் என்று அர்த்தம். ஆழம் நிறைய, வேர் தாராளமாக இறங்கும், ஆனால் சொந்தச் சத்து குறைவு, புளிப்பு அதிகம். இருக்கிற கொஞ்சச் சத்தும் மேலே உள்ள நான்கைந்து அங்குலக் கறுப்பு மண்ணில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் அந்த நான்கைந்து அங்குலத்தைத் திறந்து போட்டு வைத்தால் அது வாய்க்காலுக்குத்தான் போகும், வாங்கிப் போட்ட உரமும் கூடவே போகும்.

தரையை மூடும் பயறு வகைக் கொடி விடு, மாடு விடு, மண் சரியாகும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இரண்டையும் ஒரே துண்டில் ஒரே நேரத்தில் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கன்று நட்டு முதல் ஐந்து ஆண்டு கொடிக்கு உரிய காலம், அதற்கு மேல் மாட்டுக்கு. இதை மாற்றினால் மாடு கன்றின் மட்டையைத் தின்னும், அல்லது நிழலில் முளைக்காத விதைக்குக் காசு கொட்டுவீர்கள்.

முதலில் கொடி. மறுநடவுக்குப் பழைய மரத்தைச் சாய்த்தால் எரிக்காதீர்கள். சட்டப்படியும் கூடாது, எரித்தால் முப்பது வருஷம் சேர்ந்தது ஒரு மாலையில் புகையாகிவிடும். தண்டைத் துண்டு துண்டாகச் சீவி நிரைக்கு நடுவே பரப்பி, அதன்மேல் கொடியை ஏற்றுங்கள். சீவின தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கொடி கெட்டியாக மூடிவிட்டால் அதற்கு உள்ளே இறங்க வழி கிடைப்பதில்லை, கன்றின் குருத்தைத் துளைக்கிற தொல்லையும் குறையும்.

என்ன விதை? தோட்டங்களில் காலங்காலமாகப் போடுவது மூன்று: புரேரியா, கலோப்போ, சென்ட்ரோ. கலோப்போ வேகமாகப் படர்ந்து முதலில் மூடும், சீக்கிரம் போய்விடும். புரேரியாதான் நடுவில் நின்று சுமக்கும். சென்ட்ரோ மெதுவாக வரும், ஆனால் கொஞ்சம் நிழல் தாங்கும். தனித்தனியாகப் போடாதீர்கள், கலந்து போடுங்கள், ஏக்கருக்கு மொத்தம் நான்கு கிலோ தாராளம்.

நான்காவது ஒன்று இருக்கிறது, மியூகுனா. 1991-ல் கேரளத்துப் பால்மரத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்தது. நல்ல பருவத்தில் ஒரே நாளில் அரைச் சாண் வரை ஓடக்கூடிய கொடி. வறட்சி தாங்கும், நிழல் மற்றதைவிட அதிகம் தாங்கும், கீழே ஒரு களையை எழ விடாது, மாடும் அவ்வளவாக விரும்பாது. நம் சமவெளியில் சரியாகக் காய்ப்பதில்லை என்பதால் விதை வெளியிலிருந்து வருகிறது, விலையும் அப்படி. அதனால் யாரும் தூவுவதில்லை. விதையின் கறுப்புத் தோலை நகவெட்டியால் ஓர் ஓரம் கிள்ளி, பையில் முளைக்க வைத்து, மரத்துக்கு ஒரு கன்று கணக்கில் நடுவார்கள். பெரிய தோட்டத்துக்கு ஆள் இருக்கிறது, வாரா வாரம் கொடி இறக்குவார்கள். ஐந்து ஏக்கர்க்காரன் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கன்று இருந்த இடத்தில் பச்சைக் குன்றுதான் இருக்கும். நான் மியூகுனாவைச் சரிவான ஓரத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும்.

விதை வாங்கினால் அப்படியே தூவிவிடாதீர்கள். ஒரு முறை ஒரு கடையில் வாங்கிய புரேரியாவை நம்பித் தூவிவிட்டு, ஆறு வாரம் கழித்து முளைத்த லாலாங் களையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் நூறு விதை எண்ணி, ஊற வைத்து, ஈரத் துணியில் சுருட்டி வைத்துவிட்டு, முளைத்ததை எண்ணிய பிறகுதான் மீதியைத் தொடுகிறேன். ஊற வைப்பதற்கும் கணக்கு உண்டு. இந்த விதைகளுக்குத் தோல் கல் மாதிரி. கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 75 டிகிரி வரும், அதில் விதையைக் கொட்டி ஆற விட்டு, இரவு முழுதும் வையுங்கள். காலையில் உப்பியிருப்பது முளைக்கும், உப்பாததை இன்னொரு முறை போடலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அவியல்தான்.

கொடி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்கிறோமே, சேர்ப்பது கொடியில்லை, அதன் வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா. பல வருஷம் மருந்தடித்த மண்ணில் அது இருக்குமா என்று சொல்ல முடியாது. பாக்கெட்டில் கிடைத்தால் வாங்கி, விதை ஈரமாக இருக்கும்போது நிழலில் வைத்துப் பிசறி அன்றே போட்டுவிடுங்கள், வெயிலில் காய விட்டால் செத்துவிடும். கிடைக்கவில்லையா, பக்கத்தில் புரேரியா செழிப்பாக நிற்கும் தோட்டத்தில் கேட்டு, வேரடி மண் ஒரு வாளி கொண்டுவந்து விதையோடு கலந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கூடவே விதையின் எடைக்குச் சம எடை பாறை பாஸ்பேட் கலக்க வேண்டும். நம் புளிப்பு மண்ணில் பாஸ்பேட் இல்லாமல் கொடி மஞ்சளாகவே உட்கார்ந்திருக்கும்.

போடும் பருவம் ஜொகூரில் செப்டம்பர் கடைசி, அக்டோபர். டிசம்பர் பெருமழைக்கு முன்னால் கொடி தரையைப் பிடித்திருக்க வேண்டும். நிரைக்கு நடுவே மண்வெட்டியால் மூன்று கோடு கீறி, ஒரு விரல்கணு ஆழத்தில் போட்டு மூடினால் போதும். கன்றைச் சுற்றி ஆறடி வட்டம் சுத்தமாக இருக்கட்டும், அந்த வட்டத்துக்குள் கொடி எட்டிப் பார்த்தால் இழுத்துத் திருப்பிவிடுங்கள். முதல் நான்கைந்து மாதம் கைக்களை எடுக்கத்தான் வேண்டும், இதில் சோம்பல் பட்டால் விதைக் காசு போச்சு. குறிப்பாக லாலாங்கையும் மிக்கானியாவையும் விட்டு வைக்காதீர்கள்.

ஆறேழு வாரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரை அலசிப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இரத்தச் சிவப்பாகவோ ரோஸாகவோ இருக்க வேண்டும். வெள்ளையோ பச்சையோ என்றால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை, பாஸ்பேட்டைப் பாருங்கள். முதன்முதலில் சிவப்பைப் பார்த்த அன்று வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன், அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார், 'சரி, கையைக் கழுவுங்க' என்றார்.

நன்றாக மூடிய கொடி ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜன் பிடித்துத் தரும் என்பது இங்கே நடந்த ஆய்வுகளில் வந்த கணக்கு. நம் கணக்கில் ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதனால் 130 கிலோ யூரியா, இரண்டரை மூட்டைக்கு மேல். இதைக் கேட்டுவிட்டு உரமே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். குலையோடு தோட்டத்தை விட்டு வெளியே போவதில் பொட்டாஷ் நிறைய, அதைக் கொடி உண்டாக்காது. பொட்டாஷை வாங்கித்தான் போட வேண்டும், அல்லது மில்லில் காலிக் குலை கிடைத்தால் கொண்டுவந்து ஒரே அடுக்காகப் பரப்பலாம். குவித்து வைத்தால் மறுபடி வண்டு.

நான்காவது, ஐந்தாவது ஆண்டில் மட்டைகள் ஒன்றோடொன்று கோர்த்து நிழல் கட்டும்போது கொடி தானாக மெலிந்து சாகும். நிறைய பேர் பதறுவது இங்கேதான், திரும்ப விதை வாங்குகிறார்கள். வேண்டாம். கொடி செத்த இடத்தில் மெல்லிய பெரணி வரும், இஸ்ரேல் புல் வரும், நிழல் புற்கள் வரும். பெரணியை அப்படியே விடுங்கள், மண்ணுக்கு அது நல்ல போர்வை. இஸ்ரேல் புல்லைப் பார்த்தால் தோட்டத்தில் எல்லாருக்கும் கோபம், உரத்தைத் திருடும் என்று மருந்தடிப்பார்கள். மாட்டுக்கோ அது லட்டு. தண்டு மெது, இலையில் புரதம் அதிகம். இங்கேதான் மாடு தோட்டத்துக்குள் வர வேண்டும், மரத்துக்கு ஐந்து வயது தாண்டி, மட்டை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போன பிறகு.

ஆனால் எத்தனை மாடு? செம்பனையில் மாடு விடுவதற்கு இந்நாட்டில் சொல்லப்படும் கணக்கு நான்கு ஹெக்டருக்கு ஒரு மாடு. பத்து ஏக்கருக்கு ஒன்று! இதை நான் சொன்னபோது எங்கள் ஊரில் சிரித்தார்கள், ஏழு ஏக்கரில் பன்னிரண்டு மாடு ஓடுகிற ஊர் இது. அந்தப் பன்னிரண்டும் தோட்டத்தில் மேய்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ரோட்டோரத்திலும் பள்ளிக்கூடத் திடலிலும் அடுத்தவன் வாழையிலும்தான் மேய்கின்றன. இரவில் மோட்டாரில் வருகிறவன் இருட்டில் படுத்திருக்கும் மாட்டில் மோதி விழுவது தோட்டத்து ஊர்களில் புதுச் செய்தியா என்ன. நிழலில் வளரும் புல் மெதுவாகத்தான் திரும்ப வரும், வெயில் புல்லில் உள்ள தெம்பும் அதில் கிடையாது. அதனால்தான் அந்தக் கணக்கு.

எனக்கு முற்றிய மரம் ஏழு ஏக்கர்தான், ஒரு மாட்டுக்கே காணாது. பக்கத்துத் துண்டுக்காரர்கள் மூன்று பேரிடம் பேசி, எல்லாம் சேர்த்து முப்பது ஏக்கர் ஆக்கினேன். அவர்களுக்குக் களை மருந்துச் செலவு குறைகிறது, எனக்குப் புல். முப்பது ஏக்கருக்கு மூன்று பெரிய மாடு. பால் கறக்கிற மாட்டை இதில் விடாதீர்கள், நிழல் புல்லை நம்பினால் பால் வற்றிவிடும். நம் லயத்துக் காலத்து லோக்கல் இந்தியன் வகை மாடானாலும், கறக்கிற காலத்தில் கொட்டகையில் வைத்து நேப்பியர் புல்லும் செம்பனைப் புண்ணாக்கும் போட வேண்டும். கிடாரி, பால் வற்றிய மாடு, காளைக்கன்று, இவை தோட்டத்துக்கு ஏற்றவை. செம்மறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு, மாடு தாங்கும், செம்மறியின் ஈரலில் அது சேர்ந்து கொன்றுவிடும். சிக்னல் புல்லும் செம்மறிக்கும் ஆட்டுக்கும் ஆகாது.

மேய்க்கிற விதம்தான் மண்ணைத் திருத்துவதும் கெடுப்பதும். முப்பது ஏக்கரையும் திறந்துவிட்டால் மாடு நல்ல புல் இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும், தண்ணீர் பக்கத்திலேயே படுக்கும், சாணி எல்லாம் அங்கேயே விழும், அந்த மண் மிதிபட்டுச் சிமெண்டாகும். அதனால் நான் இருபது கட்டமாகப் பிரித்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒன்றரை ஏக்கர், ஒரு கட்டத்தில் மூன்று நாள். இருபதைச் சுற்றி முதல் கட்டத்துக்குத் திரும்ப அறுபது நாள் ஆகும், புல் முழங்கால் உயரம் வந்திருக்கும். தேதியைவிடப் புல்லைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் உள்ளே விடுங்கள், ஒரு சாண் உயரம் மிச்சம் இருக்கும்போது வெளியே எடுங்கள். விரல் உயரத்துக்கு வழிக்க விட்டால் நல்ல புல் சாகும், மாடு தொடாத செண்டுடுக் புதரும் லாலாங்கும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்படியும் மாடு தொடாததை, ஒவ்வொரு கட்டமும் முடிந்த மறுநாள் பாராங்கை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் வெட்டிப் போடுவேன். கோழிப்பீப் பூச்செடி, அதாவது மலாய்க்காரர்கள் தஹி ஆயாம் என்கிற செடி, இருந்தால் அதை மாடு வருவதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள், தின்றால் ஈரல் போகும்.

இருபது கட்டத்துக்கும் கம்பம் நட வேண்டாம். வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் சோலார் பெட்டி ஒன்று, கம்பி கலந்த நைலான் கயிறு இரண்டு சுருள், கையால் குத்தும் பிளாஸ்டிக் குச்சிகள், இவ்வளவே. இரண்டு கட்டத்துக்கான வேலிதான் எப்போதும் நிற்கும், ஒன்றில் மாடு, அடுத்தது தயாராக. மாட்டை முதலில் வீட்டு முற்றத்தில் இரண்டு நாள் அந்தக் கயிற்றுக்குள் வைத்துப் பழக்குங்கள், மூக்கால் தொட்டு ஒரு தடவை வாங்கிக்கொண்டால் பிறகு மதிக்கும். எர்த் கம்பியை ஈர மண்ணில் ஆழமாக இறக்குங்கள், முக்கால்வாசி வேலிப் பிரச்சினை அங்கேதான். அப்புறம் மட்டை. செம்பனைத் தோட்டத்தில் மட்டை விழாத நாள் இல்லை, ஈர மட்டை கயிற்றில் விழுந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். போன வருஷம் இரண்டு நாள் நான் போய்ப் பார்க்கவில்லை, ஒரு மட்டை விழுந்து கிடந்திருக்கிறது, மாடு மூன்றும் பக்கத்துத் துண்டில் இரண்டு வயதுக் கன்றுகளைக் குருத்தோடு கடித்து வைத்துவிட்டன. பதினான்கு கன்றுக்குக் காசு கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான். இப்போது காலையும் மாலையும் வேலியை ஒரு சுற்று வந்துவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டியையும் உப்புக் கட்டியையும் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு மூலையில், புல் மெலிந்த பக்கமாக வையுங்கள். மாடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாணி. நம் ஊர்ச் சின்ன மாடு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போடும். மூன்று நாள் கழிந்த சாணியைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள், அடியில் துளை துளையாகப் புது மண் மேலே வந்திருந்தால் சாணி வண்டு வேலை செய்கிறது, சாணியை அதுவே கீழே இறக்கிவிடும், நீங்கள் சுமக்க வேண்டாம். புரட்டினால் ஒன்றுமே இல்லாமல் காய்ந்த அடை மாதிரி வந்தால் குடற்புழு மருந்தை யோசியுங்கள். ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் வண்டுப் புழு பிழைக்காது. தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போட்டு, அதைச் சில வாரம் கொட்டகையில் வைத்திருங்கள்.

உரம் போட்ட கட்டத்தில் இரண்டு மூன்று வாரமாவது மாடு வேண்டாம், நல்ல மழை இரண்டு பெய்து கரையட்டும். யூரியா மூட்டையைத் தோட்டத்தில் திறந்து வைத்துவிட்டு வராதீர்கள், உப்பு என்று நினைத்து நக்கும், சில மணி நேரத்திலேயே வயிறு உப்பிச் செத்துப்போகும். களை மருந்தும் அப்படித்தான். பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. யாராவது கொட்டகை மூலையில் பழைய போத்தல் வைத்திருந்தால் மாடு மேயும் நிலத்துக்கு அதைக் கொண்டுவர விடாதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் தாழ்வான கட்டங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். மண் கையில் உருட்டினால் உருண்டையாகி விரலில் ஒட்டும் ஈரத்தில் மாடு நின்றால் குளம்பு இறங்கி மண் இறுகிவிடும், கொடி ஐந்து வருஷம் திறந்து வைத்த துளையெல்லாம் ஒரு வாரத்தில் அடைபடும். அந்தச் சமயம் மேட்டுக் கட்டம் இல்லாவிட்டால் கொட்டகையில் கட்டி, புல் அறுத்துப் போடுங்கள். முதலில் சொன்ன மைலோ டின்னை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், ஒரே இடங்களில் வையுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள்.

மாடு வாங்கி வேறு மாவட்டத்திலிருந்து கொண்டுவருவதானால் கால்நடை இலாகாவில் பெர்மிட் முதலில், லோரி பிறகு. பக்கத்துத் துண்டுக்காரரிடம் வாய்ப்பேச்சு போதும் என்று விட்டுவிடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய மாமனாக இருந்தாலும். ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தெந்த நாள் அவர் குலை வெட்டுவார், உரமோ மருந்தோ போட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்வார், மரம் கெட்டால் ஒரு மரத்துக்கு எத்தனை வெள்ளி, வேலிக் கயிறு யாருடையது. பதினான்கு கன்றுக்குப் பிறகுதான் நாங்கள் இந்தத் தாளை எழுதினோம், கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.